மருந்து என்னும் சொல்லும் நஞ்சு என்னும் வாசகமும்

பொருள் ஒன்று, பெயர் இரண்டு. குப்பியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் பெயர் நஞ்சு. அக்குப்பியைக் கையில் எடுக்கும் உழவரின் நாவில் வழங்கும் பெயர் மருந்து. "பருத்திக்கு மருந்து அடித்தாயிற்றா?" என்றுதான் நம் கரிசல் காட்டில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர். "நஞ்சு தெளித்தாயிற்றா?" என்று கேட்பவர் எவருமிலர். அச்சிட்ட சொல்லுக்கும் பேசும் சொல்லுக்கும் இடையே உள்ள இவ்விடைவெளியில்தான் பல உயிர்கள் ஊசலாடுகின்றன. நுகர்பொருள்களின்மேல் பொறிக்கப்படும் உடல்நல எச்சரிக்கை வாசகங்களால் பயன் உண்டா, இல்லையா என்னும் வினாவைத் தமிழ் பயில்வோராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டியதன் காரணமும் அதுவே. இது சட்டத்தைப் பற்றிய வினா மட்டுமன்று. சொல்லைப் பற்றிய வினாவும் ஆகும்.

ஊரில் கண்டது

இளையரசனேந்தல் என் ஊர். நெடுங்காலம் சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்திருந்த, கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள கரிசல் மண் ஊர். வானம் பார்த்த பூமி. புரட்டாசி மழையை நம்பி உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் விதைப்பர். அண்மைக் காலத்தில் மக்காச்சோளம் பெரும்பரப்பைப் பிடித்துக்கொண்டது. 2018ஆம் ஆண்டு கருநாடகத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட படைப்புழு, அவ்வாண்டிலேயே தமிழகத்துக்கும் பரவிற்று. மக்காச்சோளக் குருத்துக்குள் ஒளிந்து தின்னும் அப்புழுவைக் கண்டு மிரண்ட உழவர்கள், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் வாங்கித் தெளித்தனர்.

அப்படித் தெளித்தவர்களுள் என் சின்னையாவும் ஒருவர். காலையில் தொடங்கி உச்சிப்பொழுது வரை, காற்று எதிர்த்து வீசுவதையும் பாராமல், மேல்சட்டையின்றித் தெளித்தார். மாலையில் வியர்த்துக் கொட்டிற்று, வாயில் எச்சில் ஊறிற்று, கண் மங்கலாயிற்று, மூச்சுத் திணறிற்று. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அறிகுறிகளைக் கண்டே சிகிச்சையைத் தொடங்கிய மருத்துவர் எங்களைப் பார்த்துக் கேட்ட முதற்கேள்வி, "என்ன மருந்து அடிச்சார்?" என்பதே. நாங்கள் சொன்ன விடை, "புழுவுக்கு அடிக்கிற மருந்துங்க" என்பது. அவ்விடையால் அவருக்கு என்ன பயன்? "குப்பியை எடுத்து வாங்க" என்றார். தம்பி ஒருவன் மிதிவண்டியில் காட்டுக்கு ஓடினான். குப்பி வரப்பில் கிடந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த தாள் பாதி கிழிந்திருந்தது. மீதியில் மருந்தின் வேதிப்பெயரும், அதனை முறிக்கும் மருந்தின் பெயரும் தெளிவாக இருந்தன. மருத்துவருக்கு ஐயம் நீங்கிற்று. சின்னையா பிழைத்தார்.

ஆக, அந்த எச்சரிக்கைத் தாள் ஓர் உயிரைக் காப்பதில் பங்கு கொண்டது. ஆயினும் அதனைப் படித்தவர் அதற்கு உரியவர் அல்லர். படிக்க வேண்டியவர் படிக்கவில்லை. படுத்த பின்னர் மருத்துவர் படித்தார்.

உடல் தேறியபின் நான் அவரிடம், "ஏன் சின்னையா, குப்பியில நஞ்சுன்னு மண்டை ஓடெல்லாம் போட்டிருக்கே, பார்க்கலையா?" என்று கேட்டேன். அவர் சற்றும் தயங்காமல், "பார்த்தேன் தம்பி. நஞ்சுன்னு போட்டிருந்தாத்தான புழு சாகும்? நல்ல மருந்துன்னு நெனச்சேன்" என்றார்.

அவ்விடை என்னைத் திகைக்க வைத்தது. எச்சரிக்கையை அவர் பாராமல் இல்லை, பார்த்தார். ஆனால் அதனை எச்சரிக்கையாகக் கொள்ளாமல் நற்சான்றாகக் கொண்டார். நஞ்சு என்பது தமக்குச் சொல்லப்பட்டது என்று அவர் எண்ணவில்லை. புழுவுக்குச் சொல்லப்பட்டது என்றே எண்ணினார். எழுத்தறியாமை ஒன்றே குறை என்று கூறுவோர் இதனைக் கருத வேண்டும். என் சின்னையா எழுத்தறிந்தவர். நாள்தோறும் செய்தித்தாள் படிப்பவர்.

சட்டம் பிறந்த வரலாறு

பூச்சிக்கொல்லிக் குப்பிகளின்மேல் எச்சரிக்கை வந்தது எவ்வாறு என்பதை அறிதல் தகும். 1958ஆம் ஆண்டு கப்பலில் உணவுப் பொருளோடு பாரத்தியான் என்னும் கொடிய பூச்சிக்கொல்லியும் ஏற்றப்பட்டது. கசிந்த நஞ்சு கோதுமை மாவில் கலந்தது. அதனை உண்டு கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். நீதியரசர் ஷா தலைமையில் விசாரணை நடந்தது. அதன்பின் பத்தாண்டுகள் கழித்து 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971இல் அதன் விதிகளும் வந்தன. நம் குப்பிகளின்மேல் காணும் சாய்சதுரக் குறி அவ்விதிகளின் பயனே.

அச்சதுரத்தின் கீழ்ப்பாதி நான்கு நிறங்களுள் ஒன்றைக் கொண்டிருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் கொடிய நஞ்சு. நீலம் நடுத்தர நஞ்சு. பச்சை குறைந்த நஞ்சு. சிவப்புக்கு மேற்பாதியில் மண்டை ஓடும் எலும்பும், நஞ்சு என்னும் சொல்லும் இருக்கும். மஞ்சளுக்கும் நஞ்சு என்னும் சொல் உண்டு. நீலத்துக்கு அபாயம் என்றும், பச்சைக்கு எச்சரிக்கை என்றும் பொருள்படும் சொற்கள் இருக்கும். ஆய்வு விலங்குகளுள் பாதியைக் கொல்லும் அளவைக் கொண்டு இந்நிறங்கள் வகுக்கப்பட்டன. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லி கிராம் வரை உட்கொண்டாலே கொல்லுவது சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5000 வரை நீலம். அதற்கு மேற்பட்டது பச்சை.

வகுத்தவர் அறிவு நுட்பமானது. வாசகங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும், பொருள் விற்கப்படும் பகுதியின் மொழிகள் ஒன்றிரண்டிலும் இருக்க வேண்டும் என்றும் விதி கூறுகின்றது. ஆனால் நடைமுறை யாது? உள்ளங்கையில் அடங்கும் ஒரு குப்பியின்மேல் பல மொழிகளை அடக்க முயலும்போது எழுத்து எள்ளினும் சிறிதாகி விடுகின்றது. நிறுவனத்தின் பெயரும், வீறுகொண்ட காளையின் படமோ புலியின் படமோ குப்பியின் நடுவில் கொலுவிருக்க, உயிர் காக்கும் சொற்கள் ஓரத்தில் ஒண்டிக்கொள்கின்றன. நிறங்களின் பொருளை உழவருக்கு எடுத்துச் சொன்னவர் மிகச் சிலரே. நீலமும் பச்சையும் கண்ணுக்குக் குளிர்ச்சியான நிறங்கள். அவை தீங்கற்றவை என்றே பலரும் கருதுகின்றனர்.

புகையிலை கற்பித்த பாடம்

அவ்வாறாயின் எச்சரிக்கை வாசகமே வீண் என்று முடிவு கட்டலாமோ? கூடாது. அது செவ்வனே அமையும்போது பயன் விளைகின்றது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

அமெரிக்க நாட்டில் 1964இல் வெளியான தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கையைத் தொடர்ந்து, 1966 முதல் சிகரெட் பெட்டிகளில் எச்சரிக்கை இடம்பெற்றது. நம் நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டம், சிகரெட் புகைத்தல் உடல்நலத்துக்குக் கேடு என்னும் வாசகத்தைக் கட்டாயமாக்கிற்று. முப்பதாண்டுக்கு மேலாக அவ்வாசகம் பெட்டியின் ஓர் மூலையில் கிடந்தது. பீடிக் கட்டுக்கு அச்சட்டம் பொருந்தவும் இல்லை. நாட்டின் பீடித் தொழிலில் பேரிடம் பெற்றது நம் நெல்லைச் சீமை. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வீட்டுத் திண்ணைதோறும் பெண்கள் சுற்றும் பீடி, நாடெங்கும் ஏழைகளின் உதடுகளைச் சென்றடைந்தது. ஏழைகள் புகைக்கும் பொருளுக்கு எச்சரிக்கை தேவையில்லை என்று அன்றைய சட்டம் கருதியது போலும்!

2003ஆம் ஆண்டுச் சட்டம் அக்குறையைக் களைந்தது. 2009 மே 31 முதல் படத்தோடு கூடிய எச்சரிக்கை வந்தது. 2016 ஏப்ரல் முதல் அஃது உறையின் இருபுறமும் 85 விழுக்காட்டுப் பரப்பைப் பிடித்துக்கொண்டது. 2018 முதல் புகையிலையை விட விரும்புவோர் அழைப்பதற்குரிய கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் சேர்ந்தது. பயன் என்ன? நாடு தழுவிய புகையிலைக் கணக்கெடுப்பு இருமுறை நடைபெற்றது. 2009-10இல் எச்சரிக்கையைக் கண்டு விட்டுவிட எண்ணிய சிகரெட் புகைப்போர் 100க்கு 38 பேர். பீடி புகைப்போர் 29 பேர். 2016-17இல் இவ்வெண்ணிக்கை முறையே 62 ஆகவும் 54 ஆகவும் உயர்ந்தது. எண்ணியவர் அனைவரும் விட்டுவிட்டனர் என்று நான் கூறவில்லை. எண்ணுதலே விடுதலின் முதற்படி என்று மட்டும் கூறுகின்றேன்.

இங்கே நோக்கத்தக்கது ஒன்றுண்டு. எச்சரிக்கை இருந்ததா என்பதன்று கேள்வி. எவ்வாறு இருந்தது என்பதே கேள்வி. மூலையில் கிடந்த வாசகம் பெரும்பயன் தரவில்லை. கண்ணெதிரே நின்ற படம் தந்தது. மேலும், புகையிலை உறையின் எச்சரிக்கை இன்னார்க்கு என்பதில் ஐயமே இல்லை. வாயில் வைப்பவனுக்கே அது சொல்லப்படுகின்றது. பூச்சிக்கொல்லிக் குப்பியின் எச்சரிக்கையோ புழுவுக்கா, மனிதனுக்கா என்பதே விளங்காமல் நிற்கின்றது.

மற்றோர் எச்சரிக்கையும் நம் ஊர்களில் உண்டு. மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று அறிவிக்கும் அரசே, 2003 முதல் தன் கடைகளில் அதனைச் சில்லறையில் விற்றும் வருகின்றது. விற்கும் கையே எச்சரிக்கும் கையாக இருக்கும்போது, கேட்பவன் எதனை நம்புவான்? எச்சரிப்பவன் சொல்லுக்கு மதிப்பு, அவன் செயலிலிருந்தே பிறக்கின்றது.

வாசகம் எட்டாத இடங்கள்

எச்சரிக்கைக்கு எல்லைகளும் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு அதன் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

முதலாவது, குப்பியைக் கையில் பிடிப்பவருக்கு மட்டுமே அது பேசும். கூலிக்குத் தெளிக்க வருபவரிடம் கலக்கிய நீர்தான் தரப்படுகின்றது; குப்பியை அவர் காண்பதில்லை. மறுநாள் அதே காட்டில் களையெடுக்க வரும் பெண்களும் காண்பதில்லை. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மேல் எண்டோசல்பான் பல ஆண்டுகள் வானூர்தியால் தெளிக்கப்பட்டது. அதன்கீழ் வாழ்ந்த மக்களுக்கு எந்த வாசகம் எட்டிற்று? 2011இல் உச்சநீதிமன்றம் தடை விதித்த பின்னரே அந்நஞ்சு நாட்டில் நின்றது.

இரண்டாவது, குப்பி காலியானபின் வாசகம் அழிந்துவிடுகின்றது, நஞ்சு அழிவதில்லை. பயன்படுத்திய கலங்களை உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்பது விதி. நம் வீடுகளிலோ அவை கழுவப்பட்டு மண்ணெண்ணெய்க்கும், சில வேளை நீருக்கும் பயன்படுகின்றன. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவுண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. முன்பு பூச்சிக்கொல்லி இருந்த கலத்தில் அவ்வெண்ணெய் வைக்கப்பட்டிருக்கலாம் என்று அதிகாரிகள் கருதினர். அக்குழந்தைகள் எந்தத் தாளைப் படித்திருக்க முடியும்?

மூன்றாவது, நிறம் முழு உண்மையைச் சொல்வதில்லை. ஒருமுறை உட்கொண்டால் நேரும் கேட்டைக் கொண்டே நிறம் வகுக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் தோலிலும் மூச்சிலும் சிறுகச் சிறுகப் படிவதால் விளையும் கேட்டை அது கூறாது. களைக்கொல்லியாகிய பாராகுவாட் மஞ்சள் நிறக் குறியையே பெறுகின்றது. ஆனால் அதனை முறிக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

நான்காவது, சில நஞ்சுகளுக்கு எச்சரிக்கை போதாது, விலக்கே தேவை. அண்டை நாடாகிய இலங்கை 1995க்குள் மிகக் கொடிய வகைப் பூச்சிக்கொல்லிகளையும், 1998இல் எண்டோசல்பானையும் விலக்கிற்று. அடுத்த பத்தாண்டுகளில் அந்நாட்டில் தம்முயிரை மாய்த்துக்கொள்வோர் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. துயரம் மிகுந்த ஒரு நொடியில் எவரும் வாசகத்தைப் படிப்பதில்லை. அந்நொடியில் நஞ்சு கைக்கெட்டாமல் இருப்பதே காவல்.

பழி யாருக்கு?

இங்கே ஒரு பெரும் அநீதியைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றேன். 2017ஆம் ஆண்டு மராட்டிய மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குத் தெளித்த உழவரும் கூலியாளரும் 20 பேருக்கு மேல் மாண்டனர். பல நூற்றுவர் நோயுற்றனர். இத்தகைய துயரம் நேரும்போதெல்லாம் எழும் முதற்குரல், "கையுறை அணியவில்லை, முகமூடி அணியவில்லை, குப்பியில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை" என்பதே. எழுதிவிட்டோம், எங்கள் கடமை முடிந்தது என்று விற்பவர் கைகழுவுவதற்கு அவ்வாசகம் துணையாகின்றது.

ஐப்பசி வெயிலில், கரிசல் காட்டின் புழுக்கத்தில், மழையங்கியும் முகமூடியும் கையுறையும் பூண்டு ஒருமணி நேரம் தெளித்துப் பார்த்தவர் அவ்வாறு பேசார். கடைப்பிடிக்க இயலாத அறிவுரையை அச்சிட்டுவிட்டு, கடைப்பிடிக்கவில்லை என்று இறந்தவரைக் குறைகூறுவது அறமாகாது. எச்சரிக்கை என்பது வாங்குவோரைக் காக்கும் வேலியாக இருக்க வேண்டுமேயன்றி, விற்போரைக் காக்கும் கேடயமாக மாறிவிடக் கூடாது.

செய்யத்தக்கவை

குறை கூறுதல் எளிது. வழி கூறுதலும் கடமை. என் சிற்றறிவுக்கு எட்டியவற்றை முன்வைக்கின்றேன்.

தமிழகத்தில் விற்கப்படும் குப்பியில் தமிழ் பெரிதாக இருக்க வேண்டும். ஏனைய மொழிகளை உள்ளிருக்கும் துண்டறிக்கையில் தரலாம். நஞ்சு என்னும் தனிச்சொல் போதாது. "இது மனிதரையும் கொல்லும், தோல் வழியே உடலுக்குள் செல்லும்" என்று யாருக்கு, எவ்வாறு கேடு என்பதை முழுத்தொடராக எழுத வேண்டும். புகையிலை உறையில் செய்தது போலப் படமும் வேண்டும். விளம்பரப் படத்தினும் எச்சரிக்கைப் படம் சிறுத்திருக்கலாகாது.

கடைக்காரர் வாய்மொழி நூறு தாளுக்கு நிகர். பூச்சிக்கொல்லி விற்போர் உரிய படிப்பு பெற்றிருக்க வேண்டும் என்று விதிகள் திருத்தப்பட்டுள்ளன. அப்படிப்பின் பயன் உழவரைச் சேர வேண்டுமாயின், குப்பியைக் கொடுக்கும்போதே நிறத்தைக் காட்டி, அளவையும் காப்பையும் சொல்லிக் கொடுப்பது விற்பனையின் பகுதியாக வேண்டும். காலிக் குப்பியைத் திரும்பத் தருவோர்க்குச் சிறுதொகை கொடுத்தால் அது அடுக்களைக்கு வாராது.

சிவப்புக் குறியுடையவற்றைப் படிப்படியாக விலக்க வேண்டும். தமிழக அரசு 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாள்களுக்குத் தடைசெய்தது. அறுபது நாளில் நஞ்சு அமுதாகி விடுவதில்லை. தற்காலிகத் தடை நிலையான தடையாக வளர்தல் வேண்டும்.

தமிழ் மாணவர்க்கு

இறுதியாக நம் துறைக்கு வருவோம். தீப்பெட்டித் தொழிலும் அச்சுத் தொழிலும் தழைத்த மண் நம் மண். கோவில்பட்டியும் சாத்தூரும் சிவகாசியும் செய்த தீப்பெட்டிகளின் வண்ணத் தாள்கள் நாடெங்கும் சென்றன. ஒரு சிறு தாளில் கண்ணைக் கவரும்படி படமும் எழுத்தும் அமைக்கும் கலை நம்மவர் கைவந்த கலை. விற்பதற்கு உதவிய அக்கலை, காப்பதற்கும் உதவலாகாதா? வேதியியல் மாணவர் பொருளைச் சொல்லட்டும். தமிழ் மாணவர் உழவரின் செவியில் ஏறும் சொல்லைத் தரட்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சிற்றூர்களுக்குச் செல்லும் நம் மாணவர்கள், கோவில் சுவரிலும் பள்ளிச் சுவரிலும் நான்கு நிறங்களின் பொருளைப் பெரிய எழுத்தில் தீட்டி வரலாம். விடுமுறையில் வீடு செல்லும் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் குப்பி ஒன்றையேனும் எடுத்துப் பெற்றோருக்கு உரக்கப் படித்துக் காட்டலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னே நம் நாவைத் திருத்திக்கொள்ள வேண்டும். நோயைத் தீர்ப்பது மருந்து. உயிரைத் தீர்ப்பதற்கும் அதே பெயரைக் கொடுத்துவிட்டு, குப்பியின்மேல் என்ன எழுதினாலும் பயன் குறைவே. என் சின்னையா இப்போது மருந்து என்று சொல்வதில்லை. "நஞ்சு வாங்கப் போகிறேன்" என்றுதான் சொல்கிறார். கேட்பவர்கள் முதலில் சிரித்தார்கள். பின்பு, "அப்படியா, எந்த நிறம்?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

எந்தத் தாளும் தானே பேசாது. படித்துச் சொல்ல ஒரு நா வேண்டும். காது கொடுக்க ஒரு மனம் வேண்டும். அந்த நாவாக நாம் இருப்போமாக.